நாலாவது கிளாஸ்

— இன்னும் ஒரே ஒரு கிளாஸ்தான். அதுக்குள்ள தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம். நான் போய் வண்டியை எடுக்கட்டுமா?

— விஸ்கி கிளப் போட்டின்னாலும் இது பல் டாக்டர் கிளினிக்மா. இங்க தலைவலின்னு சொன்னா கடவாய்ப் பல்லைத்தான் முதல்ல தட்டிப் பார்ப்பார்.

— அப்ப வயித்துவலின்னு சொல்லுங்க. என்னங்க நீங்க. மூணு கிளாஸ்ல தப்பிச்சதே பெரிய விஷயம். நாலாவதுல மாட்டிக்கிட்டா சாயம் வெளுத்துடும்.

— மெதுவாப் பேசு. எக்ஸ்ரே ரூம்னாலும் கதவு லேசானது. வெளியில பத்து பேரு உக்காந்திருக்காங்க.

— மெதுவாத்தான் பேசறேன். அப்பப்பா, இந்த ரூம்லயும் அதே கிராம்பு எண்ணெய் நெடி. காலையில பாட்டில் உடைஞ்சுதாமே, டாக்டர் சொல்லிக்கிட்டு இருந்தார். என் தலைமுடியிலெல்லாம் ஏறியாச்சு. வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்தணும். உங்களுக்குத் தாங்க முடியுதா? ... சரி, சரி. வாய் தவறிக் கேட்டுட்டேன்.

— பரவாயில்ல விடு. நாலு மாசமா தினம் ரெண்டு தடவை வாய் தவறுது உனக்கு.

— பின்ன என்ன செய்யறது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிக்குப் பால் தீஞ்சு வீடெல்லாம் புகை. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டுறா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. அப்பேர்ப்பட்ட ஆளு கண்ணைக் கட்டிக்கிட்டு விஸ்கியை மோந்து பார்த்துப் பேரு சொல்றாராம். நல்லா இருக்கு போங்க.

— மோந்து பார்க்கல. மோந்து பார்க்கிற மாதிரி மூக்கைத் தூக்கினேன். அவ்ளோதான் விஷயம்.

— அப்ப எப்படி மூணையும் சரியாச் சொன்னீங்க? சீட்டுல எழுதினவ நான். டாக்டர் ஒவ்வொண்ணா சரின்னு படிக்கும்போது எனக்கே புல்லரிச்சுது.

— இந்தா பாரு. முதல் கிளாஸை வாயில வைக்கும்போதே மீசையில நுரை ஒட்டுச்சு. விஸ்கியோட எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு போட்டுக் குலுக்கினாத்தான் அந்த நுரை வரும். அது விஸ்கி சவர். அதுக்கு மூக்கு எதுக்கு, மீசை போதும்.

— ரெண்டாவது?

— ரெண்டாவது ஓல்ட் ஃபேஷன்ட். சர்க்கரைக் கட்டியை அடியில வச்சு, கசப்பு மருந்து மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல ரெண்டு சொட்டு விட்டு நசுக்கிட்டு மேல விஸ்கி ஊத்தறது. நம்ம டாக்டர் அவசரக்காரர். அவர் நசுக்கினா சர்க்கரை என்னிக்கும் முழுசாக் கரையாது. கடைசி மடக்குல பல்லுல நறநறன்னுச்சு.

— மூணாவதுக்கு ரொம்ப நேரம் யோசிச்சீங்க. நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாத சாமி இல்ல.

— அது மன்ஹாட்டன். விஸ்கியில இனிப்பு வைன் சேர்க்கிறது. நாக்கு ஓரத்துல திராட்சைத் தோலை மென்ன மாதிரி ஒரு துவர்ப்பு வந்துச்சு. அதுமட்டும் போதாதுன்னுதான் யோசிச்சேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு, அதைக் கலக்கும்போது உள் ரூம்ல இருந்து குலுக்குற சத்தமே வரல. கரண்டி சுத்துற சத்தம்தான் வந்துச்சு, அதுவும் ரொம்ப நேரம். இருபத்தஞ்சு வருஷமா மோட்டார் சத்தத்தைக் கேட்டே லிஃப்ட்ல என்ன கோளாறுன்னு சொல்றவன்மா நான். கரண்டி சத்தம் தெரியாமப் போகுமா.

— அடேங்கப்பா. அப்ப நாலாவதையும் காதாலயே குடிச்சு முடிச்சிடுங்க. வண்டியை அப்புறம் எடுக்கறேன்.

— அதுதான் நடக்காது. நாலாவது சாஸெராக். வருஷப் போட்டியில கடைசி கிளாஸ் எப்பவும் அதுதான், எல்லாருக்கும் தெரியும். அதனால பேரு சொன்னா மார்க் கிடையாது. அதுல விஸ்கி ஊத்தறதுக்கு முன்னாடி வெறும் கிளாஸ்ல வாசனைச் சாராயம் எதையாவது கொஞ்சம் விட்டு, சுத்தவிட்டு, கீழ கொட்டிடுவாங்க. முறையாப் பார்த்தா சோம்பு வாசனை அடிக்கிற சாராயம். ஆனா டாக்டர் ஒவ்வொரு வருஷமும் அதை மாத்துவார். ஒரு வருஷம் புகை வாசனை விஸ்கி. போன வருஷம் காப்பிக்கொட்டை ஊறினது. கிளாஸை எதால அலசினேன்னு சொல்லுங்கன்னுதான் கேள்வியே.

— கீழ கொட்டிட்டதைக் கண்டுபிடிக்கணுமா? நல்ல வேலையத்த விளையாட்டு.

— கொட்டிட்டா வாசனை மட்டும்தான் தங்கும். நாக்குக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. காதுக்கும் இல்ல. முழுக்க மூக்கு பார்க்க வேண்டிய பரீட்சை. ஆறு வருஷமா இந்த நாலாவது கிளாஸ்லதான் நான் எல்லாரையும் ஜெயிச்சேன்.

— அதான் சொல்றேன். ஆறு வருஷம் ஜெயிச்சாச்சு. போதும், வாங்க.

— வெளியில உக்காந்திருக்கிறது யாருன்னு பார்த்தியா? ஹைகோர்ட் வக்கீல். காலேஜ் பேராசிரியர். விமானம் ஓட்டுற அந்த அம்மா. அவங்க நடுவுல லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு ஒரு நாற்காலி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் 'லிஃப்ட்காரர் வந்துட்டாரு'ன்னுதான் சொல்லுவாங்க. தண்ணி குடிக்கிறியான்னு ஒருத்தன் கேட்டதில்ல. இந்த ஒரு இடத்துலதான் நான் உள்ள வந்தா எழுந்து நின்னு 'மூக்கரசர் வந்துட்டாரு'ங்கிறாங்க. அந்த மூக்கு போனப்புறம் எனக்கு இங்க என்னம்மா வேலை?

— மூக்கரசருக்கு மூக்கே இல்லைன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?

— நீ சொல்லல. நான்தான் சொல்லப் போறேன். இன்னிக்குக் கடைசி கிளாஸ்ல எனக்கு ஒண்ணும் வரலைன்னா, அதை அப்படியே சொல்லிட்டு எழுந்துடுவேன். ஓடி ஒளிஞ்சேன்னு இருக்க வேண்டாம்.

— ஒண்ணு செய்யலாங்க. எனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு. சீட்டு எழுதறதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். கிளாஸை நான் எடுத்துக் குடுக்கறப்ப ஒரு தடவை மோந்து பார்த்துட்டு உங்க காதுல சொல்லிடறேன்.

— வேண்டாம்.

— ஒரே ஒரு தடவை.

— வேண்டாம்னா வேண்டாம்.

— என்ன மூக்கரசே, தங்கச்சியோட எக்ஸ்ரே ரூம்ல ரகசிய மாநாடா? வெளியில எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்காங்க. பார்க்கிறவங்க கடத்திட்டு வந்து வச்சிருக்கேன்னு நினைப்பாங்க.

— வந்துட்டேன் டாக்டர். இவளுக்கு லேசாத் தலைவலி.

— தலைவலியா தங்கச்சி? வாயைத் திற, கடவாய்ப் பல்லைப் பார்ப்போம்.

— ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். சரியாப் போச்சு.

— அப்ப வாங்க. உங்க இடம் அந்தப் பெரிய நாற்காலி. துப்பணும்னா பக்கத்துல தொட்டி இருக்கு, பட்டனை அமுக்கினா தண்ணி வரும். ஊர்ல எந்த விஸ்கி கிளப்புக்கும் இந்த வசதி கிடையாது. கட்டிக்குங்க கண்ணை. வலிக்காது.

— கட்டியாச்சு.

— எல்லாரும் கேளுங்க. மூணு கிளாஸ்ல மூணும் சரியாச் சொன்னவங்க அஞ்சு பேரு. வக்கீலய்யா, பேராசிரியர், விமானம் ஓட்டுற அம்மா, மருந்துக்கடைக்காரர், நம்ம மூக்கரசர். நாலாவதுல தீர்ப்பு. கிளாஸை எதால அலசினேன்? நல்லா மோந்து பாருங்க, அவசரமே இல்ல. ஜெயிக்கிறவங்களுக்கு வழக்கம்போலத் தங்கப் பல் செட். பிளாஸ்டர்ல வார்த்து நானே தங்கப் பெயிண்ட் அடிச்சது. இந்த வருஷம் ரெண்டு கோட்டிங்.

— என்னங்க, இந்தாங்க கிளாஸ். கையை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.

— உம்.

— என்ன, எதாவது வருதா?

— இரு. ஒரு மடக்கு குடிச்சுக்கறேன். சர்க்கரை இருக்கு. கசப்பு இருக்கு. விஸ்கி நல்ல விஸ்கி, காரமா இருக்கு, நாக்கு நுனியில மிளகு மாதிரி சுருக்குங்குது. அவ்ளோதான்.

— அது வாயில. மூக்குல?

— ஒண்ணும் வரல.

— இன்னொரு தடவை பாருங்க.

— பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லம்மா. மூடின கதவுக்கு முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கு.

— எனக்கு வருதுங்க. சொல்லக் கூடாதுன்னீங்க, ஆனா மூக்கைப் பொத்திக்கிட்டா இருக்க முடியும்? கிளாஸைக் குடுக்கறப்பவே வந்துச்சு. எழுதிடட்டுமா?

— என்ன வந்துச்சுன்னு சொல்லாத.

— கிராம்பு. கிராம்பு ஊறின சாராயம். சத்தியமா.

— சொல்லாதன்னேன்.

— சொல்லிட்டேன், இனி என்ன பண்றது. அதையே எழுதிடறேன். ஒரு வார்த்தைதானே. யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும். இந்தா பாரு, உனக்கு வந்தது உன் மூக்குக்கு வந்தது. இது என் சீட்டு. எனக்கு வந்ததை மட்டும் எழுது.

— உங்களுக்குத்தான் ஒண்ணும் வரலையே.

— அதையே எழுது. 'எனக்கு ஒண்ணும் வரல'ன்னு எழுது.

— எல்லாரும் சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். ஆறு வருஷம் கும்பிட்டாங்கல்ல, ஒரு நாள் சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு. எழுதினியா?

— எழுதிட்டேன். பேரு மட்டும் நீங்களே போட்டுக்குங்க.

— கண்ணைக் கட்டிக்கிட்டு எங்க போடுறது. நீயே போடு.

— ஆச்சா எல்லாருக்கும்? கூட வந்து எழுதறவங்க சீட்டெல்லாம் இப்படிக் குடுங்க. தங்கச்சி, என்ன முகம் இப்படி இருக்கு? ஊசி போடப் போறேன்னா சொன்னேன்? குடு இப்படி.

— இந்தாங்க டாக்டர்.

— சரி, படிக்கறேன். கட்டு அவிழ்க்காதீங்க, உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே படிக்கிறதுதான் எனக்கு வருஷத்துல ஒரே சந்தோஷம். வக்கீலய்யா: 'ஐயமின்றி சோம்பு.' நல்லது. பேராசிரியர்: 'கிராம்பு, பின்னணியில் லேசாக ஏலக்காய்.' மருந்துக்கடைக்காரர்: 'கிராம்பு.' விமானம் ஓட்டுற அம்மா: 'கிராம்பு ஊறவைத்த ரம்.' இந்தப் பக்கம் இன்னும் மூணு கிராம்பு. ரெண்டு சோம்பு. ஒரு ரோஜா. ரோஜா யாருப்பா? சரி, கையைத் தூக்க வேண்டாம். கடைசியா மூக்கரசர்...

— என்னங்க, என் கையைப் பிடிச்சுக்குங்க.

— மூக்கரசர் எழுதியிருக்கிறது: 'எனக்கு ஒண்ணும் வரல.' என்னது இது. தங்கச்சி, இது உன் கையெழுத்துதானே? அவர் சொன்னதைத்தான் எழுதினியா?

— அவர் சொன்னதைத்தான் டாக்டர். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

— அப்ப எல்லாரும் கண்ணுக்கட்டை அவிழுங்க. இந்த கிளாஸையெல்லாம் நான் எதால அலசினேன் தெரியுமா? அதோ அந்தக் குழாய்த் தண்ணியால. வெறும் தண்ணி. வாசனைச் சாராயம் ஒரு சொட்டு கிடையாது.

— என்ன டாக்டர் சொல்றீங்க?

— ஒண்ணுமே இல்ல தங்கச்சி. பன்னெண்டு வருஷமா இவங்களைப் பார்க்கறேன். நான் என்ன ஊத்தினாலும் ஒரு வாசனை இருக்குன்னு நம்பி மோந்து பார்ப்பாங்க. இந்த வருஷம் ஒண்ணுமே ஊத்தாம விட்டா என்ன ஆகும்னு பார்த்தேன். பத்து மூக்கும் இல்லாததைக் கண்டுபிடிச்சிருக்கு. ஆறு பேரு கிராம்பு. காலையில கிராம்பு எண்ணெய் பாட்டில் உடைஞ்சு சுவரெல்லாம் வாசனை, என் கையெல்லாம் வாசனை, அதைத்தான் கிளாஸுக்குள்ள தேடியிருக்கீங்க. வக்கீலய்யா, உக்காருங்க. அப்பீல் கிடையாது. ரோஜா எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் எனக்குப் புரியல.

— அப்ப ஜெயிச்சது?

— வேற யாரு. இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது ஒரு திறமைன்னா, இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும். எழுந்திருங்க மூக்கரசே. தங்கப் பல் செட் ஏழாவது வருஷமும் உங்களுக்குத்தான். என்ன, அப்படியே உக்காந்திருக்கீங்க? நாற்காலியை இறக்கி விடணுமா?

— டாக்டர், அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும். எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்.

— என்னங்க, வேண்டாங்க. கடவுளாப் பார்த்துக் குடுத்திருக்கார்.

— இரும்மா. எனக்கு நாலு மாசமா வாசனையே தெரியல. காய்ச்சல் வந்ததுல போச்சு. மோந்து பார்த்தா காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் ஒண்ணும் வரலைன்னு எழுதினது தைரியத்துல இல்ல. நிஜமாவே எனக்கு ஒண்ணும் வரல. தண்ணில அலசினாலும் தேன்ல அலசினாலும் நான் அதையேதான் எழுதியிருப்பேன். இதை வாங்கினா உங்களையெல்லாம் ஏமாத்தினதா ஆயிடும். அவ்ளோதான் விஷயம். நான் கிளம்பறேன்.

— உக்காருங்க.

— இல்ல டாக்டர்.

— உக்காருங்கன்னேன். இது என் கிளினிக், அந்த நாற்காலியில உக்கார்றவங்க நான் சொல்லாம எழுந்ததில்ல. நாலு மாசமா வாசனை தெரியாதுன்னா, முதல் மூணு கிளாஸை எப்படிச் சொன்னீங்க?

— மீசையில நுரை ஒட்டுச்சு. சர்க்கரை பல்லுல நறநறன்னுச்சு. மூணாவதுக்கு நாக்கு ஓரத்துல துவர்ப்பு, அப்புறம் உள் ரூம்ல உங்க கரண்டி சத்தம்.

— பல்லா? பல்லு என் டிபார்ட்மென்ட் ஐயா. அங்கேயும் வந்து ஜெயிச்சிட்டீங்களா?

— நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல டாக்டர்.

— நானும் சிரிக்கல. மூக்கு இருக்கிற ஆறு பேருக்கு அந்த மூணு கிளாஸே தெரியல. நாலு பேருதான் தப்பிச்சாங்க, அதுலயும் பேராசிரியர் ரெண்டாவதுக்கு அரை மணி நேரம் எடுத்தார். நான் கேட்டது என்ன, கிளாஸ்ல என்ன இருக்குன்னுதானே? மூக்கைக் கொண்டா, காதைக் கொண்டான்னு கேட்டேனா? உங்களுக்கு என்ன வந்துச்சோ அதைச் சொன்னீங்க. இங்க இருக்கிற மத்தவங்க எல்லாரும் வராததைச் சொன்னாங்க. இதுல ஏமாத்தினது யாரு?

— மூக்குக்காகத்தானே டாக்டர் என்னை இங்க சேர்த்தீங்க.

— யாரு சொன்னது? ஆறு வருஷம் முன்னாடி இந்தக் கட்டடத்து லிஃப்ட்ல நானும் வக்கீலய்யாவும் மாட்டிக்கிட்டோம். கையில நாங்க கலந்த விஸ்கி. வக்கீலுக்கு மூச்சு முட்டுது, கோர்ட்ல கர்ஜிக்கிற மனுஷன் குழந்தை மாதிரி அழறார். நீங்க கதவுக்கு வெளியில உக்காந்து வேலை பார்த்துக்கிட்டே ஒரு மணி நேரம் அவர்கிட்டப் பேச்சுக் குடுத்தீங்க. கதவைத் திறந்ததும் வந்த வாசனையை வச்சே, 'ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதியோட போட்டுட்டீங்க சார், கசக்கும்'னு சொன்னீங்க. எல்லாரும் அந்த ஆரஞ்சுத் தோல் கதையைத்தான் சொல்றாங்க. வக்கீல் அன்னிக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணிக் கேட்டது என்ன தெரியுமா? 'அந்த மனுஷன் வந்தா நான் தைரியமா லிஃப்ட்ல ஏறி வருவேன், அவரையும் கிளப்புக்குக் கூப்பிடு'ன்னார். வக்கீலய்யா, பொய்யா? பாருங்க, தலையை ஆட்டறார். கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஆட்டறார்.

— எனக்கு இது தெரியாது டாக்டர்.

— இப்பத் தெரிஞ்சுக்குங்க. அடுத்த மாசம் இன்னொரு போட்டி வைக்கிறோம், எல்லார் மூக்குலயும் கிளிப். மீசை, பல்லு, நாக்கு, காது, இதை வச்சுக்கிட்டுக் குடிச்சுப் பார்க்கணும். கலக்கிக் குடுத்து நடத்துறது நீங்க. நானும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காரப் போறேன், பன்னெண்டு வருஷமா எனக்கு அந்தக் குடுப்பினையே இல்ல. யாருக்காவது ஆட்சேபணை? எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. தங்கச்சி, நீ ஏம்மா அழற?

— அழலை டாக்டர். கிராம்பு நெடி கண்ணுல பட்டுச்சு.

— சரி, பிடிங்க ஐயா இதை. பத்திரம், கீழ்வரிசையில ரெண்டு பல்லு இன்னும் பெயிண்ட் காயல.

— வாங்கிட்டேன் டாக்டர். எல்லாருக்கும் நன்றின்னு ரெண்டு வார்த்தை...

— ஒண்ணும் சொல்லாதீங்க. வாயை மூடலாம். முடிஞ்சுது, வலிச்சுதா?

— இல்ல டாக்டர். வலிக்கல.

— வாங்க போகலாம். மெதுவா இறங்குங்க, நாற்காலி இன்னும் உயரத்துல இருக்கு. நாலு மாசமா எனக்கு உயிரே இல்லங்க, இன்னிக்குத்தான் வந்துச்சு. இதை டிவி மேல வைக்கலாமா, போன வருஷத்துதுக்குப் பக்கத்துல? எதிர்வீட்டுக்காரி வந்தா முதல்ல இதைத்தான் காட்டுவேன். பால் தீஞ்சதையே தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா. என்னங்க, ஏன் நின்னுட்டீங்க? ஏன் பல்லு செட்டை முகத்துக்கிட்ட வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பெயிண்ட் ஒட்டிடப் போகுது.

— பேசாத, ஒரு நிமிஷம்.

— என்ன ஆச்சு? தலை சுத்துதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?

— கூப்பிடு. கூப்பிட்டு, நாலாவது கிளாஸை கால் மணி நேரம் கழிச்சுக் குடுத்திருந்தா நானும் கிராம்புன்னுதான் எழுதித் தோத்திருப்பேன்னு சொல்லு.